ஜானவாசத்துக்கு வந்த இரண்டு கார்கள்

பழைய பெரிய கார் உசத்தியா, புதுச் சின்னக் கார் உசத்தியா என்று வீட்டில் பேச்சு வந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். என் கல்யாணமே அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

எழுபதுகளின் தொடக்கம். திருவள்ளூரில் எங்கள் மனுஷாள் கல்யாணம் என்றால் முதல் நாள் சாயங்காலம் ஜானவாசம். மாப்பிள்ளையைக் கோயிலிலிருந்து சத்திரம் வரை திறந்த காரில், நாயனத்தோடு அழைத்து வருவார்கள். ஊரே பார்க்கும், பெண்ணைத் தவிர. நான் விடுவேனா? பெண் பார்க்க வந்த அன்று குனிந்த தலை நிமிராததில், நான் கண்டது அவருடைய கால் கட்டைவிரல்களை மட்டும்தான். இந்த முறை முகத்தைப் பார்த்தே தீருவது என்று சிநேகிதிகளோடு சத்திரத்து மாடி ஜன்னலில் இடம் பிடித்தேன்.

திருப்பாச்சூர் மிராசுதார் ஒருவரின் பழைய காருக்கு அப்பா சொல்லி வைத்திருந்தார். துணிக் கூரையை மடக்கிவிட்டால் சிம்மாசனம்தான். பெரியப்பாவுக்கு அதில் இஷ்டமில்லை. வருஷக்கணக்கில் காத்திருந்து அப்போதுதான் புதுச் சின்னக் கார் வாங்கியிருந்தார்.

கோயில் வாசலிலிருந்து பெரியப்பாவின் பெண் மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். "பெரிய வண்டி கிளம்ப மாட்டேங்கறதுடீ. எங்கப்பா கார்லயே அழைச்சுண்டு வரப்போறாளாம்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாடியிலிருந்து பார்த்தால் அந்தக் காரின் தகரக் கூரைதான் தெரியும்.

நாயனம் நெருங்கியது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பெரியப்பாவின் சின்னக் கார் தெருமுனை திரும்பியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சிநேகிதிகள் கொல்லென்று சிரித்தார்கள். எட்டிப் பார்த்தேன். சின்னக் காருக்குப் பின்னால் தாம்புக்கயிறு, கயிற்றின் முனையில் பெரிய கார், அதில் கோட்டும் சூட்டுமாக அவர். மடியிலும் பக்கத்திலும் ஊர்க் குழந்தைகள்.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. அவர் ஆறடி. சின்னக் காரில் ஏறினதும் தலைப்பாகை கூரையில் இடித்து நசுங்கிவிட்டது. இறங்கி, "நாயனத்துக்குப் பின்னாடி நடக்கற வேகத்துலதானே போகப்போறோம், இதோட அதைக் கட்டி இழுத்தா என்ன?" என்று கேட்டிருக்கிறார்.

"இன்னா சாமி, இத்த மொதல்லயே சொல்றதில்ல? வண்டியக் கெளப்ப முன்னாடி கைப்பிடியச் சுத்திக்கினு கெடந்தேனே" என்று பெரிய காரின் டிரைவர் கயிற்றை எடுத்தாராம்.

ஜன்னலுக்குக் கீழே வந்தபோது அவர் நிமிர்ந்து பார்த்தார், சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்கே எனக்கென்று முடிந்து வைத்துக்கொண்டேன்.

சில வருஷம் கழித்து நாங்களும் ஒரு சின்னக் கார் வாங்கினோம். ஆரம்பாக்கம் போகும் வழியில் முழங்காலை மடக்கிக்கொண்டு அவர் ஓட்ட, நான் பெருமையாகக் கேட்டேன். "அன்னிக்கு என்னைப் பார்த்துச் சிரிச்சேளே, இந்த மாதிரிக் கார்ல வந்திருந்தா முடிஞ்சிருக்குமா?"

"உன்னையா? ஜன்னல்ல ஏழெட்டு முகம் இருந்தது. பெண் பார்க்க வந்தப்போ நீ நிமிரவே இல்லையே, எது நீன்னு எனக்கெப்படித் தெரியும்? எல்லாருக்கும் பொதுவா சிரிச்சு வெச்சேன்."

சின்னக் காரில் ஒரு சௌகரியம் உண்டு. பக்கத்தில் இருப்பவர் கைக்கு எட்டுவார். நன்றாகக் கிள்ளினேன்.