அண்ணன் ஓட்டாமல் விட்ட வண்டி

அண்ணன் பீர்க்கன்கரணையில் பிறந்தார். எங்கள் பெற்றோருக்கு நாங்கள் இரண்டே பிள்ளைகள். அவர் மூத்தவர், நான் இளையவள். அண்ணன் பள்ளிப் படிப்பை முடிக்கும் முன்பே அப்பா காலமானார். அடுத்து அம்மாவும் படுக்கையில் விழ, வீட்டைப் பார்த்துக்கொள்ள நான் எட்டாம் வகுப்போடு நின்று தையல் கற்றுக்கொண்டேன். ஆகவே இந்தக் கட்டுரையில் பிழைகள் இருந்தால் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் ரயில்வே ஷெட்டில் உதவியாளாகச் சேர்ந்து, பரீட்சைகள் எழுதி, மோட்டார்மேன் ஆனார். தாம்பரத்துக்கும் சென்னை பீச் ஸ்டேஷனுக்கும் நடுவே ஓடும் மின்சார ரயிலை ஓட்டுகிற வேலை. முதல் நாள் அவர் வண்டியை எடுத்தபோது அம்மா உயிரோடு இருந்தார், அந்த ஒரு சந்தோஷத்தையாவது பார்த்துவிட்டுப் போனார். எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். எதிலும் கெட்டதே முதலில் தோன்றுவது என் சுபாவம். அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தடவை போய்ப் பார்ப்பேன். அண்ணன் வரக் கொஞ்சம் நேரமானால் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பேன். "உனக்கு பயப்படறதுக்கு சம்பளம் குடுத்தா நீ கோடீஸ்வரி ஆயிடுவ பாப்பா" என்று அண்ணன் கேலி செய்வார். அவருக்குக் கல்யாணம் ஆகி அண்ணி வந்த பிறகும் நான் அவர்களோடுதான் இருந்தேன். ஒரு நாள் கூட என்னைப் பாரமாக அவர்கள் நினைத்ததில்லை.

எண்பதுகளின் பிற்பகுதியில், சிங்கப்பூரிலிருந்து வந்த அண்ணியின் மாமா ஒரு சின்ன ரயில் செட்டைக் கொடுத்தார். ஒரு என்ஜின், நான்கு பெட்டிகள், வட்டமாகக் கொஞ்சம் தண்டவாளம். அண்ணன் அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. முன் அறையில் பிளைவுட் பலகை போட்டு, நாலு கால் அடித்து, தாம்பரம் போல ஒரு ஸ்டேஷன் செய்தார். பழைய பேப்பரைக் கஞ்சியில் ஊற வைத்து வண்டலூர் குன்றைச் செய்தார். சாயம் தோய்த்த மரத்தூளைத் தூவிப் புல் வளர்த்தார். நான் அதைப் பொம்மை ரயில் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

"பொம்மைன்னு சொல்லாத. இதுக்கும் கரண்டு கீது, சிக்னல் கீது. தப்பு பண்ணா இதுவும் இடிக்கும்."

அந்த வேலையின் முறையை எனக்குப் புரியும்படி சொல்லிக்கொடுத்தார். ஒரு தண்டவாளத்துக்குச் சிவப்பு ஒயர், எதிர்த் தண்டவாளத்துக்குப் பச்சை ஒயர். பாதை முழுக்கச் சிவப்பு சிவப்போடும் பச்சை பச்சையோடும் சேர வேண்டும். மாறினால் ஷார்ட் ஆகி வண்டி நின்றுவிடும். முதலில் போட்ட பாதையில் அந்த என்ஜின் தடங்கல் இல்லாமல் சுற்றியது. தெருவில் உள்ளவர்களெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததை எழுதலாமா என்று அண்ணியைக் கேட்டேன். "எழுது, இனிமே மறைச்சு என்னா ஆவப் போவுது" என்றார்.

அண்ணனுக்கு இருமல் வந்தது. எடை குறைந்தது. ஊருக்குத் தெரியாமல் தூரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினார். நுரையீரலில் காசநோய் என்று சொல்லி, பல மாதங்கள் விடாமல் சாப்பிட மாத்திரைகள் கொடுத்தார் அந்த டாக்டர். கண்ணில் ஏதாவது மாற்றம் தெரிந்தால் உடனே வர வேண்டும் என்றும் எச்சரித்தாராம். அண்ணன் காய்ச்சல் என்று லீவு போட்டுப் படுத்தார், உடம்பு தேறியதும் வேலைக்குத் திரும்பினார். நோயைப் பற்றி ஆபீசில் மூச்சு விடவில்லை. மாத்திரையை மட்டும் தொடர்ந்தார்.

வீட்டு ரயிலையும் மறுபடி தொட்டார். பழைய வட்டத்திலிருந்து ஒரு கிளைப் பாதையைப் பிரித்துக் குன்றைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் திட்டம். தண்டவாளம் போட்டார், பலகைக்குக் கீழே படுத்து ஒயரிங் செய்தார். என்ஜின் பழைய பாதையில் ஓடும். புதுப் பாதையில் சக்கரம் பட்டதும் நின்றுவிடும். டிரான்ஸ்பார்மர் வண்டு போல இரையும், ரப்பர் கருகுகிற நாற்றம் வரும். நான் ஓடிப்போய் சுவிட்சை அணைப்பேன்.

அண்ணன் மண்ணெண்ணெய் தொட்டுத் தண்டவாளத்தைத் துடைத்தார். புது டிரான்ஸ்பார்மர் வாங்கினார். ஈயம் வைத்துப் பற்றவைத்த இடங்களைப் பிரித்துத் திரும்ப வைத்தார். என்ஜினைக் கழற்றி, உள்ளே கரண்டு கடத்தும் பிரஷ்ஷை மாற்றினார். ஒரு இடம் சரியாகும், அடுத்த இடத்தில் அதே கோளாறு வரும். நேற்று சரியாக இருந்த இடம் இன்று அவர் கை வைத்த பிறகு கெட்டுப்போகும். அது எனக்கு நல்லதாகப் படவில்லை. வீட்டுக்குள் ஏதோ புகுந்துவிட்டது போல இருந்தது. சாயங்காலம் விளக்கேற்றும்போது அந்த அறைக்கும் சேர்த்து ஒரு கற்பூரம் காட்டினேன்.

அந்தத் தீபாவளிக்கு அண்ணிக்குப் புடவை எடுத்து வந்தார். அண்ணி பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இலைப் பச்சைன்னு சொன்னீங்க, இது அரக்கு சிவப்பால்ல கீது?"

"கடை லைட்டுல அப்படித் தெரிஞ்சுது" என்றார் அண்ணன். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு மட்டும் அந்தப் புடவையைக் கொடியில் பார்க்கும்போதெல்லாம் இரண்டு தடவை திரும்பிப் பார்க்கத் தோன்றியது. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

அண்ணனின் வண்டியில் கடைசிப் பெட்டியில் கார்டாக வருகிறவர் அவருடைய நெருங்கிய சிநேகிதர். நான் அவரைக் கார்டு அண்ணன் என்று கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவார். ஒரு தடவை அவர் கண் முன்னாலேயே என்ஜின் புதுப் பாதையில் தீப்பொறி பறக்க நின்றது.

"இன்னா மச்சான், டூட்டி முடிஞ்சு வந்தும் வண்டி ஃபெயிலா?"

"ஒயரிங்ல எங்கியோ ஒரு ஷார்ட்டு. கண்டுபுடிச்சிடுவேன்."

"சீக்கிரம் புடி. தெனம் உன் வண்டில பின்னாடி நிக்கிறவன் நானு. வவுத்துல புளியக் கரைக்காத."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் மதியம், அண்ணன் காலை டூட்டி முடித்து வந்து சாப்பிட்டார். பலகைக்குக் கீழே குனிய முதுகு வலிக்கிறது என்று சொல்லி, டார்ச்சை என் கையில் கொடுத்து, ஒயர் எங்காவது விட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். நான் மல்லாந்து படுத்து வெளிச்சம் அடித்தேன். விட்டுப்போன ஒயர் எதுவும் இல்லை. எல்லா முடிச்சுகளும் இறுக்கமாக, டேப் சுற்றி, அழகாகத்தான் இருந்தன.

"ணா, இங்க சிவப்பையும் பச்சையையும் சேத்து முறுக்கி வச்சிருக்கியே. இந்த இடத்துல அப்படித்தானா?"

"எந்த இடத்துல?"

"குன்றுக்குக் கீழ. அதுக்குப் பக்கத்துலயும் அப்படித்தான் கீது."

"ரெண்டும் பச்சைதானடி."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். படித்தவர், வேலை தெரிந்தவர், நான் சொல்வதுதான் தப்பாக இருக்கும் என்றும் நினைத்தேன். ஆனால் நான் காலையிலிருந்து ராத்திரி வரை நூல் கோர்க்கிறவள். சிவப்பும் பச்சையும் எனக்கு மாறாது. வெளியே வந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் விளையாடவில்லை.

நான் தையல் டப்பாவைக் கொண்டுவந்து ஜன்னல் ஓரம் கவிழ்த்தேன். சிவப்பு நூல்கண்டு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம் வை என்றேன். அண்ணன் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து வைத்தார். நிதானமாகத்தான் வைத்தார். இரண்டு குவியலிலும் இரண்டு நிறமும் கலந்து கிடந்தன. காபியோடு வந்த அண்ணி டம்ளரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றுவிட்டார்.

"நாளைக்கு டூட்டி எப்போ?" என்று கேட்டேன்.

"காலைல மொத ஷிப்டு" என்றார்.

அண்ணிதான் முதலில் தேறினார். "சிக்னல்ல பச்சை மேலே, சிவப்பு கீழேன்னு நீங்கதானே சொல்வீங்க. எடத்த வச்சு தெரியும்ல? மொதல்ல டாக்டர பாப்போம். ஆபீசுல இப்போ வாயத் தொறந்தா வண்டிய விட்டு எறக்கிடுவாங்க. அப்புறம் ஏத்தவே மாட்டாங்க." அண்ணி சொன்னதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அண்ணன் அந்த வேலைக்காக எவ்வளவு பாடுபட்டார் என்று அவருக்குத் தெரியும்.

அண்ணன் நூல்கண்டுகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எடத்த வச்சுதான் ஓட்டிகினு இருந்தேன் போல. எனக்கே தெரியாம." ஒரு நூல்கண்டை எடுத்துத் திரும்ப வைத்தார். "ஆனா ஆளு கையில காட்டற கொடிக்கு மேலே கீழே ஏது? இன்னிக்குக் காலைல குரோம்பேட்டைகிட்ட லைன்ல வேலை நடந்துச்சு. ஒருத்தன் கொடி காட்டினான். பச்சைன்னு நெனச்சு மெதுவா ஓட்டிகினு போயிட்டேன்."

"அது பச்சைதானாண்ணா?"

"பச்சையாத்தான் இருந்திருக்கணும். இல்லன்னா இந்நேரம் ஊருக்கே தெரிஞ்சிருக்கும்."

வெளியே ஏதோ ஒரு ரயில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எங்கள் வீட்டில் எப்போதும் கேட்கிற சத்தம்தான். அன்றைக்கு மூன்று பேரும் அது முழுசாகத் தேய்கிற வரை காது கொடுத்துக் கேட்டோம்.

அண்ணன் எழுந்து முகம் கழுவி யூனிஃபார்ம் சட்டையைப் போட்டார். "பாப்பா, என்கூட வா. நான் தனியா போனா பாதி வழில திரும்பிடுவேன்" என்றார். ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டி பஸ் பிடித்தோம். ரோட்டைக் கடக்கும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சின்ன வயதில் நான்தான் அவர் கையைப் பிடிப்பேன்.

தாம்பரம் ஸ்டேஷனில் கார்டு அண்ணன் எதிரே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அண்ணனை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"மச்சான், ஒடம்பு சரியில்லன்னு லீவு போட்டுட்டுப் போயிகினே இரு. கண்ணுன்னு மட்டும் சொல்லாத. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"ரெண்டு நாள் கழிச்சு வந்து ஏறுவேன். ஏறிட்டா அப்புறம் சொல்ல மாட்டேன். என்ன எனக்குத் தெரியும்."

கார்டு அண்ணன் இழுத்த கையை விட்டார். அண்ணனோடு ஆபீசுக்குள் போய், அவர் சொல்லி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, வந்து போகிற வண்டிகளையும் அதில் பிதுங்கி நின்ற ஜனங்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையில் பூ வைத்த பெண்கள், டிபன் கேரியர் தூக்கியவர்கள், படியில் தொங்கிய பையன்கள்.

ரயில்வே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே கண் டாக்டர், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். அந்த மாத்திரைகளில் ஒன்றுதான் நிறத்தைத் தின்றிருந்தது. அதை நிறுத்தி வேறு கொடுத்தார்கள். காசநோய் குணமானது. நிறமும் மெல்ல மெல்லத் திரும்பியது, ஆனால் ரயில் ஓட்டும் அளவுக்குத் திரும்பவில்லை. அண்ணனுக்கு ஆபீஸ் நாற்காலி கொடுத்தார்கள். தினமும் பயணியாக ரயிலில் போய் வந்தார். முன் பெட்டியில் மட்டும் ஏற மாட்டார்.

வீட்டு ரயிலைச் சேர்ந்தே முடித்தோம். நான் நிறத்தைச் சொல்ல, அவர் பற்றவைத்தார். குன்றைச் சுற்றி வண்டி ஓடியது. ஆனால் அண்ணன் அதை ஓட்டிப் பார்க்கும்போது அவர் முகத்தில் பழைய சிரிப்பு இல்லை. வண்டி சரியாகப் போகும்போதுதான் அவர் ரொம்பக் கவலையோடு பார்ப்பார். குரோம்பேட்டைக் கொடியைப் பற்றி யாரிடமும் விசாரிக்கவில்லை. "கேட்டா ஒரு பதில் வரும் பாப்பா. அத வச்சுகினு நான் எப்படித் தூங்கறது?" என்றார்.

போன வருஷம் அண்ணனுக்கு நெஞ்சு மறுபடி பலவீனமானது. மூச்சுக்குச் சிரமப்பட்டாலும் யாரையும் கடிந்து பேசவில்லை. அண்ணியின் கையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பகல் வெளிச்சத்திலேயே அமைதியாகப் பிரிந்தார்.

அவரைக் கண் போலப் பார்த்துக்கொண்ட அண்ணிக்கு நான் என்ன சொல்லி நன்றி சொல்வேன்? ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த கார்டு அண்ணனுக்கும், ஆட்டோ கிடைக்காத மழையில் தங்கள் காரில் அண்ணனை ஏற்றிப்போன எதிர் வீட்டாருக்கும், பீர்க்கன்கரணை, வண்டலூர், பொழிச்சலூரிலிருந்து காரியத்துக்கு வந்து உடன் நின்ற சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். இன்று திதிக்கு வந்தவர்கள் இருந்து சாப்பிட்டுப் போக வேண்டும்.

நிறம் தெரியாமல் அண்ணன் எத்தனை நாள் வண்டி ஓட்டினார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த நாட்களில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவர்களுக்கும் தெரியாது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் வராது. அப்போதெல்லாம் ஆபீசில் சொன்னதற்கு மறுநாள் காலையை நினைத்துக்கொள்வேன். முதல் ஷிப்டு வண்டியை வேறொருவர் எடுத்துப் போனார். அண்ணன் வாசலில் நின்று அதன் சத்தத்தைக் கேட்டார். பீச் போய்ச் சேர்ந்திருக்கும் என்கிற நேரம் வரை நின்றுவிட்டு, உள்ளே வந்து, பசிக்கிறது என்றார்.