ஓரிரு இடங்களில் மழை

எண்பதுகளின் தொடக்கத்தில், ஓர் ஐப்பசியில், வரிச்சிக்குடியில் என் அண்ணனுடைய குறுவை நெல் அறுப்புக்குத் தயாராக நின்றது. அண்ணன்தான் தயாராக இல்லை. சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்து, காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தார். நான் காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்போது கல்யாணமாகவில்லை, அண்ணன் வீட்டிலிருந்துதான் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன்.

“மழை எப்ப வரும்னு நீ கேட்டுச் சொல்லு. நீதானே படிச்சவ” என்றார் அண்ணன்.

கேட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். அறுத்துப் போட்ட கதிர்மேல் மழை விழுந்தால் நெல் முளைத்துவிடும். அறுக்காமல் விட்டால் காற்றுமழையில் பயிர் சாய்ந்து சேற்றில் படுத்துவிடும். சேர்ந்தாற்போல நாலு நாள் வெயில் இருக்குமா, இருக்காதா? அது தெரிந்தால் போதும்.

அன்று சாயங்காலம் நானும் அண்ணனும் அண்ணியும் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்தோம். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இருக்கிறது, தஞ்சை மாவட்டக் கடலோரத்தில் ஓரிரு இடங்களில் பலத்த மழை பெய்யக்கூடும், புதுச்சேரியில் வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் இருக்கும் என்று சொன்னார்கள்.

“இதுல நாம எதுல சேத்தி?” என்றார் அண்ணன்.

காரைக்கால் பகுதியான எங்களை ஆள்வது புதுச்சேரி. அது வடக்கே எங்கேயோ இருக்கிறது. எங்களைச் சுற்றி மூன்று பக்கமும் தஞ்சாவூர் மாவட்டம், நாலாவது பக்கம் கடல். ரேஷன் கார்டுக்கு நாங்கள் யார் என்று தெரியும். மழைக்கு யார் என்று யாரைக் கேட்பது?

“ஓரிரு இடம்னா எந்த எடம்னு சொல்லலியே” என்றார் அண்ணி. “அது சரி, தாழ்வுன்னா தாழ்ந்து போச்சுன்னுதானே அர்த்தம்? அப்ப நல்லதுதானே?”

“இல்லண்ணி, அழுத்தம் கொறைஞ்சாதான் மழை வரும்” என்று ஆரம்பித்தேன்.

“கொறைஞ்சா எப்படிம்மா வரும்?”

வகுப்பில் பாடம் நடத்துகிறவள்தான். ஆனாலும் பாதியில் எனக்கே அது எப்படி என்று குழம்பிப்போய் நிறுத்திவிட்டேன்.

மறுநாள் வாசகசாலையில் பேப்பர் பார்த்தேன். அதே தாழ்வு மண்டலம் அதில் ஆந்திராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பேப்பரில் இருப்பது ரேடியோவில் கேட்டதற்கு முந்தைய செய்தியா, பிந்தையதா என்று விளங்கவில்லை. இப்போது கைப்பேசியில் ஊர்ப்பெயரைத் தட்டினால் மணிவாரியாக மழை காட்டுகிறது. ஒரு செயலி காட்டுவதை இன்னொரு செயலி மறுக்கிறது. அன்று மறுப்பதற்குக்கூட ஒரு நாள் ஆனது.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற ஒருவர் இருந்தார். சிப்பாய் என்பதைப் பிரெஞ்சில் சொல்தா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவர் வீட்டுக் கூடத்தில், காற்றின் அழுத்தத்தைக் காட்டும் வட்டமான கருவி ஒன்று மாட்டியிருந்தது. சங்கோஜப்பட்டுக்கொண்டே போய்க் கேட்டேன். அவர் கண்ணாடியை விரலால் தட்டினார். முள் கொஞ்சம் ஆடி, நடுவில் நின்றது.

“‘வரியாபிள்’னு போட்டிருக்கு பாருங்க. மாறும்னு அர்த்தம்.”

“எப்ப மாறும்ங்க?”

“அதை இது சொல்லாதும்மா. பிரான்ஸ்ல, மர்செய்ல்ல வாங்குனது. அந்த ஊரு காத்துக்குச் செஞ்சதோ என்னவோ.”

அங்கிருந்து கடற்கரைக்குப் போனேன். கம்பத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தது. புயல் வருதா என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற ஒருவர், “தூரத்துல புயல் இருக்குன்னு கப்பலுக்குச் சொல்றதுங்க அது. வயலுக்குச் சொல்றது இல்ல” என்றார். தலைக்கு மேலே வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது.

சனிக்கிழமை காலையில் திருவேட்டக்குடிக்கு நடந்தே போனேன். கடலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? கரை முழுக்கக் கட்டுமரங்கள். ஒன்றுகூடக் கடலில் இல்லை. வலையை உதறிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கேட்டேன்.

“யாரும் போகக்கூடாதுன்னு பஞ்சாயத்துல சொல்லிட்டாங்கம்மா.”

எனக்கு அது போதுமாக இருந்தது. வேகமாகத் திரும்பி வந்து சொன்னேன். அண்ணன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “அப்ப புயல்தான். கடல்காரங்க சும்மா நிப்பாங்களா?” என்றவர், திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்த அறுப்பு ஆட்களை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

திங்கட்கிழமை கண் கூசும் வெயில். பக்கத்து வயல்காரர் அறுத்தார். எங்கள் ஆட்களும் அவர் வயலில்தான் நின்றார்கள். அடுத்தடுத்த நாட்களிலும் வெயில். அவர் களத்தில் கதிரடிக்கும் சத்தம் கட்டிலில் கிடந்த அண்ணன் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அண்ணன் என்னை விட்டுவிட்டு ரேடியோவை முறைத்துப் பார்த்தார்.

வியாழக்கிழமை திருவேட்டக்குடியிலிருந்து மீன் விற்க வந்த பெண்ணிடம் அண்ணி, “புயல்னு பயந்தீங்களே, என்ன ஆச்சு?” என்று கேட்டார்.

“புயலா? ஊர்ல பெரிய தலைக்கட்டு ஒருத்தரு செத்துட்டாருங்க. சாவு விழுந்தா தொழிலுக்குப் போறது இல்ல.”

அண்ணி என்னைப் பார்த்தார். நான் மீனைப் பார்த்தேன்.

அலைந்து திரிந்து ஆட்களைப் பிடித்து, நானும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை அறுத்தோம். அன்று காலை ரேடியோவில் பரவலாக வறண்ட வானிலை என்றார்கள். பாதி வயல் அறுத்துப் போட்டிருந்தபோது மத்தியானம் வடகிழக்கே கறுத்தது. அடுத்த நிமிஷம் கொட்டியது. தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு அண்ணியும் நானும் எந்தப் பக்கம் மூடுவது என்று தெரியாமல் வயலுக்குள் ஓடினோம். ஒரு மணி நேரம்தான். அறுத்தது மிதந்தது; அறுக்காதது சாய்ந்தது.

அண்ணி அழவில்லை. ஈரக் கதிரை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவரச் செய்து, அடித்து, முளைக்கும் முன்னே அண்டா அண்டாவாக அவிக்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்தது. அவித்த நெல்லைத் தெருவில் பரப்பினோம். கொஞ்சம் போயிற்று, நிறையத் தேறிற்று. தை வரைக்கும் எங்கள் வீட்டுச் சோற்றில் ஒரு மக்கிய வாடை இருந்தது. பள்ளிக்கூடத்தில் என் டிபன் கேரியரைத் திறந்தால் மற்ற டீச்சர்கள் மூக்கைச் சுளிப்பார்கள்.

நெல் காய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்து வயல்காரர் வந்தார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“நீங்க எதைப் பாத்துங்க திங்கக்கெழம அறுத்தீங்க?”

“எதைப் பாக்குறது டீச்சர்? அன்னிக்கு ஆள் கெடைச்சுது, அறுத்தேன்” என்றார். பிறகு காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே, “நாளைக்கு நாத்தங்காலுக்கு வெத விடலாம்னு இருக்கேன். ரேடியோவுல என்ன சொன்னாங்க?” என்று கேட்டார்.

கேட்டதைச் சொன்னேன். ஓரிரு இடங்களில் மழை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். அவருக்கு அது எப்படிப் புரிந்தது என்று எனக்குத் தெரியாது.