ஓட்டை வாளியில் உருளைக்கிழங்கு

இங்கிலாந்தின் லீட்ஸில் மழை பெய்தால் யாரும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவதில்லை. குடையை விரித்து, மழையைத் திட்டிக்கொண்டே போகிறார்கள். எங்கள் வறண்ட முதுகுளத்தூர்ப் பக்கம் மழையைத் திட்டுகிறவனுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். வந்த புதிதில் தூறல் விழுந்தாலே என் மனைவி செல்வி பாத்திரங்களையெல்லாம் கொல்லைப்புறத்தில் பரப்பிவிடுவாள். குழாயில்தான் எந்நேரமும் தண்ணீர் கொட்டுகிறதே என்றால், குழாயை நம்பி யார் குடித்தனம் நடத்துவது என்பாள்.

கொல்லைப்புறம் என்று பெயர்தான். நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும் சிமென்ட் தரை. மிளகாய்த் தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு மண்ணைத் தொடாமல் இருப்புக் கொள்ளவில்லை. ஒருநாள் சொல்லிவிட்டாள்.

“நாம வச்சது ஒண்ணாச்சும் இங்கன வெளையணும். இல்லேன்னா எனக்கு ஊருக்கு டிக்கெட் போட்டுருங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பக்கத்து வீட்டு மார்கரெட்டிடம், டிக்கெட் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு, கதையைச் சொன்னேன். மறுநாள் முளைவிட்ட உருளைக்கிழங்குகளும் ஒரு மூட்டை மண்ணும் இரண்டு பெரிய பிளாஸ்டிக் வாளிகளும் எங்கள் வாசலில் இருந்தன. எங்கள் ஊரில் உருளைக்கிழங்கு என்றால் கொடைக்கானலிலிருந்து வரும் சரக்கு. எங்களுக்குக் கடையில் பார்த்த பழக்கம்தான். ஆனால் வாளி தெரியுமே. செல்வி கவிழ்த்துப் பார்த்தாள். அடியெல்லாம் ஓட்டை.

“ஓட்ட வாளிய நம்ம தலையில கட்டிட்டுப் போயிருச்சு இந்தம்மா.”

எங்கள் ஊரில் குடம் ஒழுகினால் தூக்கி எறிவதில்லை. கத்தியைத் தீயில் காயவைத்து, பழைய பிளாஸ்டிக்கை உருக்கி அடைத்துவிடுவார்கள். செல்வியும் அடைத்தாள். தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டுக்கூட ஒழுகாததை எனக்குக் காட்டினாள். நானும் மெச்சினேன்.

மண்ணை நிரப்பிக் கிழங்கை நட்டோம். செடி ஜோராக வந்தது. பிறகு மழை வந்தது, விடாமல். நாங்கள் ஜன்னலில் நின்று வாளி நிறைவதை ரசித்தோம். இலைகள் மஞ்சளாகி, அழுகல் நாற்றம் வந்ததும் செல்வி பரணிலிருந்து பயணப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். நான் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

மார்கரெட்டை அழைத்து வந்தேன். அவள் ஒரு வாளியைச் சாய்த்தாள். கறுப்புத் தண்ணீரோடு கூழாகிப்போன கிழங்குகள் வந்து விழுந்தன. அடியைத் தடவிப் பார்த்து, யார் அடைத்தது என்று கேட்டாள். ஒழுகியது, செல்வி சரிசெய்தாள் என்றேன் பெருமையாக. அந்த ஓட்டைகளை எங்களுக்காகத் தானே டிரில் வைத்துப் போட்டதாக மார்கரெட் மெதுவாகச் சொன்னாள். தண்ணீர் வடிவதற்காம். செல்விக்கு அதைத் தமிழில் சொன்னேன்.

“தண்ணி போறதுக்குன்னு நல்ல வாளியில யாராச்சும் ஓட்ட போடுவாகளா?” என்று கேட்டவள் அப்படியே சிரிக்கத் தொடங்கினாள். அவள் கேட்டது புரியாமலே மார்கரெட்டும் சிரித்தாள்.

இரண்டாவது வாளி அவ்வளவாகக் கெடவில்லை. அதில் செல்வியே கம்பியைக் காயவைத்து ஓட்டை போட்டாள், ஒவ்வொன்றுக்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டு. கடைசியில் தேறியது ஒரு கை கிழங்கு. எங்கள் ஊர் மிளகாய் வற்றல் போட்டு வறுத்ததில் மார்கரெட்டுக்கும் ஒரு பங்கு போனது. பாவம், தண்ணீராகக் குடித்தாள். பெட்டி பரணுக்குத் திரும்பியது.

இந்த வருடமும் வாளி வைத்திருக்கிறோம், மார்கரெட் சொன்ன முறைப்படி அடியில் ஓட்டைகளோடு, செங்கற்கள்மேல் தூக்கி. வெளியே மழை பெய்கிறது. வாளிக்கு அடியில், ஒழுகும் தண்ணீரைப் பிடிக்க, பரமக்குடியில் வாங்கிய எவர்சில்வர் குண்டானைச் செல்வி வைத்திருக்கிறாள்.