சீரில் வந்த சப் ஊஃபர்

பெண் வயதுக்கு வந்தால் தாய்மாமன் சீர் கொண்டுவருவார். புடவை, வளையல், பழத்தட்டு, வசதி இருந்தால் ஒரு சைக்கிள். எனக்கு என் மாமா சப் ஊஃபர் கொண்டுவந்தார். இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். பல வருஷம் சிரித்தும் இருக்கிறேன். இப்போது சலித்துவிட்டது. நடந்ததை ஒரு தடவை முழுசாக எழுதிவிட்டால் இனி யாருக்கும் சொல்ல வேண்டியிருக்காது.

2007ஆம் வருஷம். நான் எட்டாம் வகுப்பு. எங்கள் வீடு கடலூர் முதுநகரில், ஸ்டேஷனுக்குப் பின்னால். அப்பா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஹாலில் நின்ற இரண்டு ஸ்பீக்கர்தான் அவருடைய ஒரே பைத்தியம். பாண்டிச்சேரியில் வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பத்திடம் வாங்கிவந்தது. ஒவ்வொன்றும் என் நெஞ்சு உயரம் இருக்கும். அம்மா அவற்றுக்கு உறை தைத்துப் போட்டு, மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை உறை கழன்றுவிடும். அப்பா பாட்டுப் போடும்போது வீட்டில் யாரும் குழாயைத் திறக்கக் கூடாது.

ஒருமுறை நான் உதவி செய்கிறேன் என்று ஒரு ஸ்பீக்கரின் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மாற்றிச் செருகிவிட்டேன். ஒன்றும் வெடிக்கவில்லை. ஆனால் பாட்டில் இருந்த கனமெல்லாம் காணாமல் போய், சாப்பிடாதவன் பாடுவது போல இருந்தது. ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுக்கிறது, அதனால் ஒன்றின் சத்தத்தை இன்னொன்று தின்றுவிடுகிறது என்று அப்பா சொன்னார். சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு. அதற்குப் பிறகு இதில் எனக்குத் தப்பு வந்ததே இல்லை.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தார். ஒயர் சீவ அவருக்குப் பழக்கிவிட்டதே அப்பாதான். பிறகு சிதம்பரத்தில் கார் செட் மாட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டார். வேன்களிலும் கார்களிலும் பின் சீட்டுக்கு அடியில் பெரிய பெட்டி வைப்பது அவர் வேலை. நெஞ்சு அதிரவில்லை என்றால் அவருக்கு அது பாட்டே இல்லை. வரும்போதெல்லாம், ஸ்பீக்கர் எவ்வளவு பெரிசாக இருந்தாலும் அடிச் சத்தம் அதில் முழுசாக வராது, அதற்கென்று சப் ஊஃபர் என்ற தனிப் பெட்டி வேண்டும் என்பார். இதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்பார் அப்பா. அவர்களுக்குள் இருந்த சண்டை அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சடங்கு அன்று காலையில் எனக்குப் பட்டுப் புடவை கட்டிவிடும்போதே அம்மா சொல்லிவிட்டார்.

"ஒம் மாமன் எத கொண்டாந்தாலும் மூஞ்ச சுளிக்காத. அவன் மனசு நோவாம திரும்பிப் போவணும். எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான்."

அன்று அம்மாவுக்கு வேறு எந்தக் கவலையும் இல்லை. வடை வந்ததா, பந்தல் காற்றில் சாய்கிறதா என்பதெல்லாம்கூட இரண்டாம் பட்சம்.

மாமா வேனில் வந்து இறங்கினார். முன்னால் பெண்கள் தட்டுகளோடு வந்தார்கள். பின்னால் இரண்டு பேர் ஒரு கறுப்புப் பெட்டியைத் தூக்கிவந்தார்கள். பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், மேலே ஒரு முழம் மல்லிகை. மாமா தன் கையாலேயே செய்த பெட்டி. அதை ஓட்ட ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் தனியாக அவர் கையில் இருந்தது. அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, ஆலத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்ப்பா, இது பொண்ணுக்குச் செஞ்ச சீரா, மாமனுக்குச் செஞ்ச சீரா?"

"ரெண்டு பேருக்குந்தான் அத்த," என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். மாமன் சீர் வந்தாச்சு, அடுத்தது தாலிதான் என்று யாரோ சொன்னார்கள். வயதுக்கு வந்த எல்லாப் பெண்ணையும் இப்படித்தான் கேலி செய்வார்கள். தலையில் தண்ணீர் ஊற்றுவது போல அதுவும் சடங்கில் ஒன்று என்று நான் விட்டுவிட்டேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா இலை போடப் போய்விட்டார்.

சாப்பாடு முடிந்ததும் பெட்டியை மாட்டிக் காட்டச் சொல்லி எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். சீர் சபையில் வந்துவிட்டது, சபையில்தான் பாட வேண்டும். அப்பா தடுக்கவில்லை. உறையைக் கழற்றினார், இஸ்திரிப் பெட்டியை இறக்கினார், ஓரமாக நின்றுகொண்டார்.

மாமாவுக்கு ஒரு வேலைமுறை இருந்தது. அடிச் சத்தம் வீட்டில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கேட்காதாம். ஒரு மூலையில் குவியும், ஒரு இடத்தில் செத்துக் கிடக்கும். அதனால் முதலில் பெட்டியை ஆள் உட்காருகிற இடத்தில் வைத்துப் பாட விட வேண்டும். பிறகு தரையில் தவழ்ந்துகொண்டே போய், எங்கே சத்தம் நன்றாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அப்புறம் ஆள் தன் இடத்தில் உட்கார்ந்தால் சரியாகக் கேட்கும். சொன்னபடியே அப்பாவின் நாற்காலியில் பெட்டியை ஏற்றி, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமா தவழ ஆரம்பித்தார். வாண்டுகள் பின்னாலேயே தவழ்ந்தன. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு கிழவர், தாய்மாமன் மடியில் உட்காரவைத்து மொட்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன், தாய்மாமனே தவழுவதை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். மாமாவும் சிரித்துக்கொண்டே தவழ்ந்தார். அவர் நல்ல மனுஷர். அதையும் சொல்லிவிடுகிறேன்.

தவழ்ந்து தவழ்ந்து அவர் வந்து நின்றது என் மூலையில். என்னைத் தனியாக உட்கார வைக்க அவரே பச்சை ஓலை கட்டிய மூலை அது. ஓலையைக் காலையில் பிரித்தாகிவிட்டது. என் மேசையும் புத்தகமும் பழையபடி அங்கே திரும்பிவிட்டன. மாமா மேசைக்கு அடியில் தலையை விட்டுக் கேட்டார்.

"இங்கதாங்கா. சும்மா அள்ளுது. இந்த மேசைய எடுத்துருவோம்."

"அது பாப்பா படிக்கிற எடம்டா," என்றார் அம்மா.

"இருக்கட்டுங்கா. இன்னும் எத்தினி நாளைக்குப் படிக்கப் போவுது?"

சாதாரணமாகத்தான் சொன்னார். கேட்டவர்களும் சாதாரணமாகத்தான் கேட்டார்கள். சுவரில் சாய்ந்து நின்ற அப்பா நிமிர்ந்தார். அந்த மூலைவரைக்கும் ஒயர் பத்தாது, ஜாயின்ட் போட்டுத் தருகிறேன், நீ போய்ப் பெட்டியை இறக்கு என்று மாமாவை அனுப்பினார். அன்று அதுவரைக்கும் அவர் சேர்ந்தாற்போலப் பேசியது அதுதான்.

மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒயரைப் பல்லால் சீவினார். நான் பட்டுப் புடவையும் நெற்றிச்சுட்டியுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்போடு கறுப்பை முறுக்கினார். கறுப்போடு சிவப்பை முறுக்கினார். மேலே கறுப்பு டேப்பை நீளமாகச் சுற்றினார்.

"அப்பா, மாத்திப் போட்டுட்டீங்க," என்றேன்.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாக இல்லை. ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது பார்ப்பாரே, அந்த மாதிரி.

"நீ படி," என்றார்.

சடங்கன்று எந்தப் பெண்ணாவது படிப்பாளா? ஆனாலும் அந்தக் குரலுக்குப் பயந்து சமூக அறிவியல் புத்தகத்தை எடுத்துப் பிரித்து வைத்துக்கொண்டேன். சொன்னால் திட்டு, சொல்லாவிட்டால் பாட்டு பாழ். பெரியவர்கள் தப்பு செய்தால் சின்னவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மூடிக்கொண்டேன்.

மாமா மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு, பெட்டியைக் கொண்டுவந்து மூலையில் வைத்து ஒயரைச் செருகினார். பாட்டு ஆரம்பித்தது. முதலில் அப்பாவின் ஸ்பீக்கர் மட்டும். பிறகு எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மாமா தன் ஆம்பைப் போட்டார். அடிச் சத்தம் போய்விட்டது. அணைத்தார், வந்தது. போட்டார், போய்விட்டது.

 அத்தைதான் ஆரம்பித்தார்.

"நல்ல பொட்டிப்பா. போட்டா சத்தம் கொறையுது. எங்க வூட்டுக்காரருக்கு ஒண்ணு செஞ்சி குடேன்."

சிரிப்பு அடங்கவே இல்லை. மாமா வால்யூமை ஏற்றினார், இன்னும் மோசமானது. பெட்டியைத் திருப்பினார், சுவரை விட்டு நகர்த்தினார். ஆம்ப் பக்கம் போய்ப் பார்த்தார், சிவப்பில் சிவப்பு. பெட்டிப் பக்கம் வந்து பார்த்தார், சிவப்பில் சிவப்பு. அவர் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கதவோரம் நின்ற அம்மா முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய் துறுதுறுத்தது. அப்பா என் பக்கமே திரும்பவில்லை.

"நம்ம ஸ்பீக்கருக்கு இது ஒத்துவரல மச்சான்," என்றார் அப்பா. "மனசுல வச்சிக்காத. திருப்பி எடுத்துட்டுப் போயிடு."

சிரிப்பு நின்றது. சீரில் வந்த பொருளை யாரும் திருப்பி அனுப்புவதில்லை.

மாமா தரையில் உட்கார்ந்து ஒயரைக் கையால் தடவிக்கொண்டே வந்தார். டேப் சுற்றிய இடம் வந்ததும் கை நின்றது. நகத்தால் டேப்பின் நுனியைக் கொஞ்சம் உரித்துப் பார்த்தார். அவ்வளவுதான், கண்டுபிடித்துவிட்டார், இப்போது மாற்றிப்போடுவார், நெஞ்சு அதிரப் போகிறது என்று நான் புத்தகத்தை மூடிவிட்டேன். மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பாவும் அவரைப் பார்த்தார். மாமா அந்த நுனியைக் கட்டைவிரலால் அழுத்தி மறுபடியும் ஒட்டினார்.

"சரி மாமா," என்று எழுந்தார்.

வேன் புறப்படும்போது மல்லிகை இன்னும் பெட்டிமேல்தான் இருந்தது. அம்மா வாசல் கேட் வரை போனார். தம்பி அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

பிளஸ் டூ முடித்து எனக்குச் சிதம்பரத்தில் காலேஜ் கிடைத்தது. மாமா வீட்டில் தங்கிக்கொள்கிறேனே என்று கேட்டபோதுதான் அம்மா சொன்னார், வெங்காயம் நறுக்கிக்கொண்டே. என்னை மாமாவுக்குத் தருவதாக அம்மாதான் வாக்குக் கொடுத்திருந்தாராம். பத்தாவது முடித்ததும் கல்யாணம். அந்தச் சீரை வாங்கிக்கொண்டால் பேச்சு உறுதி என்று அர்த்தம். அக்காள் மகளைக் கட்டுவது எங்களில் முறைதான், யாரும் தப்பு சொல்ல முடியாது. அப்பாவை மட்டும் யாரும் கேட்கவில்லை. தூக்கி வளர்த்த பையனிடம் சபையில் பெண் இல்லை என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. ஒயரைத் திருப்பிப் போட்டார். அந்தக் கை அப்படித் தப்பு செய்யாது என்பது மாமாவுக்குத் தெரியும்.

மாமாவுக்கு அதற்குள் குறிஞ்சிப்பாடியில் பெண் எடுத்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிடவில்லை. அம்மா பிறந்த வீடு இல்லாத பெண்ணாகவே ஆகிவிட்டார். நான் தினமும் ரயிலில் போய் வந்து படித்து முடித்தேன். அப்பாவுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்கிறார்கள். சொல்லலாம். ஆனால் என் கல்யாணத்தைப் பேசியவர்களும் நிறுத்தியவர்களும் ஒரே ஹாலில்தான் இருந்தார்கள், நானும் அங்கேதான் நின்றேன், ஒருவருக்கும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அன்று சாயங்காலம் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா சாமியானாக்காரரோடு தெருவில் நின்றார். ஒயர் என் மூலையிலேயே கிடந்தது. பட்டுப் புடவையோடு தரையில் உட்கார்ந்து டேப்பை உரித்தேன். சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு. அப்பாவைவிட நன்றாகவே முறுக்கினேன். அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ம்மா, அப்பாதான் ஒயர மாத்திட்டாரு. நான் சரி பண்ணிட்டேன். மாமாவுக்குப் போன் போட்டு பொட்டிய திருப்பி எடுத்தாரச் சொல்லும்மா."

அம்மா ஒயரை வாங்கினார். ஜாயின்டை விரலால் தொட்டுப் பார்த்தார். வேன் அப்போது பரங்கிப்பேட்டையைக்கூடத் தாண்டியிருக்காது. ஒரு போன் போட்டால் போதும், தம்பி திரும்பி வந்திருப்பார்.

அம்மா போனை அலமாரிமேல் வைத்தார். ஒயரைச் சுருட்டி அரிசி டின்னுக்குப் பின்னால் போட்டார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"பொடவைய அவுத்து வச்சிட்டு போய்ப் படிடி," என்றார்.

தப்பைக் கண்டுபிடித்துச் சரி செய்துகொண்டு வந்தவளுக்கு இதுதான் மரியாதையா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த வீட்டில் யாருக்கும் பாட்டு நன்றாகக் கேட்க வேண்டும் என்ற ஆசையே இல்லை என்று நினைத்துக்கொண்டு, மூலைக்குப் போய் மேசையை இழுத்துப் பழைய இடத்தில் போட்டேன்.