மாதுளைக்கு மூன்று வருடத் தாமதம்

என் அக்காவின் கணவர் பஸ் டிப்போவில் இருபத்தெட்டு வருடம் டைம் கீப்பராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே வீட்டுக்குப் பின்னால் தோட்டம் போட்டார். பஸ்கள் தப்பித்தன, செடிகள் மாட்டிக்கொண்டன.

காய்ப்பெல்லாம் ஓய்ந்ததும் வருடத்துக்கு ஒருமுறை தோட்டத்தில் விசாரணை நடக்கும். அக்காவும் நானும் கட்டாயம் ஆஜராக வேண்டும். நாலு மணி என்றால் நாலு மணிதான். இந்த வருடம் நான் ஆறு நிமிடம் பிந்திப் போனேன். அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். செடிகளின் கணக்கெல்லாம் எழுதும் அவருடைய நோட்டில் நானும் ஏறியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

வெண்டை குறித்த தேதிக்கு ஒரு வாரம் முன்பே காய்த்துவிட்டதாம். நேரத்துக்கு முன்னால் வருவதும் தப்புதான் என்று அதற்கு ஓர் எச்சரிக்கை. தக்காளி சரியான நேரத்துக்கு வந்தது, ஆனால் பாதிப் பழம் வெடிப்பு. பூசணி பாதை மாறிச் சுவரேறிப் பக்கத்து வீட்டில் போய்க் காய்த்திருந்தது. இதைச் சொல்லும்போது அவர் குரலே இறங்கிவிட்டது. அந்தக் காயைச் சமைத்துச் சாப்பிட்ட பக்கத்து வீட்டம்மாள் ருசி பிரமாதம் என்று வேறு சொல்லியிருந்தாள். எனக்குச் சிரிப்பு தாங்காமல், கொடியில் காயும் துணியைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டேன்.

கடைசியாக மூலையில் நின்ற மாதுளைக்கு வந்தோம். அக்காவின் முகம் மாறியது. நாலு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்து எழுந்தவள், முதல்முதலாகத் தன் காலால் நடந்துபோய் வாங்கி வந்த கன்று அது. அதில் ஒரு பழமாவது தின்ன வேண்டும் என்பது அவள் ஆசை. எதற்குமே பெரிதாக ஆசைப்படாதவள் அவள். மூன்று வருடமாகியும் ஒரு பூ இல்லை. மூன்று வருடம் வராததைப் பிடுங்கிவிடுவது அத்தானின் சட்டம். கடப்பாரையைச் சுவரில் சாய்த்துத் தயாராக வைத்திருந்தார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. மனுஷனுக்கு இவ்வளவு கறார் ஆகாது.

அக்கா சண்டை போடவில்லை.

"ஏங்க, டிப்போல ஒரு வண்டி லேட்டா வந்தா, என்ன காரணம்னு டிரைவரைக் கேட்டுட்டுத்தானே எழுதுவீங்க? இதையும் கேட்டுட்டுப் பிடுங்குங்க."

நியாயம் என்று வந்துவிட்டால் அத்தான் கட்டுப்பட்டவர். செடி வாய் திறக்காது என்பதால் நோட்டில் அதற்கான பக்கங்களைப் புரட்டி உரக்க வாசித்தார். உரம் வைத்தாயிற்று. தண்ணீர் விட்டாயிற்று. மாதத்தின் முதல் ஞாயிறு, நுனி வெட்டியாயிற்று. அடுத்த மாதம் முதல் ஞாயிறு, நுனி வெட்டியாயிற்று. அதற்கடுத்த மாதமும் அப்படியே. ஒரு வரியில், "நுனிகளில் சிவப்பாக ஏதோ முடிச்சுகள். பூச்சி வேலையாக இருக்கும். அகற்றப்பட்டது" என்று இருந்தது. வாசிப்பு அந்த இடத்தில் நின்றது.

மூவரும் செடியைப் பார்த்தோம். மூன்று வருடமாக, ஒரு முதல் ஞாயிறு தவறாமல், கத்தரிக்கோலோடு போய் மொட்டுகளை வெட்டித் தள்ளியிருக்கிறார்.

கேலி செய்யத்தான் வாயெடுத்தேன். நோட்டைப் பிடித்தபடி அவர் தலைகுனிந்து நின்றதைப் பார்த்ததும் மனசு வரவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். தாமதத்துக்குக் காரணம் என்று போட்டு, நிறுத்தி நிதானமாக எழுதினார். அக்கா எட்டிப் பார்த்தாள், நானும் பார்த்தேன். டைம் கீப்பர் என்று எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டிருந்தார்.

பிறகு கத்தரிக்கோலைக் கொண்டுவந்து அக்காவின் கையில் வைத்தார்.

"பழம் வந்தா எனக்கு வேணாம். நீயே தின்னு."

அக்கா அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பாதி தரேன். ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும் நீங்க இந்தப் பக்கம் வரவே கூடாது."