கத்திரி வெயிலில் கிழித்த தீக்குச்சி

நாலு வருஷத்துக்கு முன்னால், கத்திரி வெயில் நேரம். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளைப் பழுது பார்க்கும் ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தேன். பாகங்களைக் கழுவ, அகலமான இரும்புத் தட்டில் டீசல் ஊற்றி வைத்திருப்போம்.

புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் அவர்களுக்கு ஒரு வித்தை காட்டுவேன். எரிகிற தீக்குச்சியை அந்த டீசலில் போடுவேன், அணைந்துவிடும். "பெட்ரோல்தான் பத்தும், டீசல் பத்தாது" என்று பெருமை அடித்துக்கொள்வேன். தீப்பெட்டியை உள்ளே கொண்டுபோகவே கூடாது. என்னுடையது சாக்ஸுக்குள் இருக்கும். அவ்வளவு கெட்டிக்காரன்!

அன்று சேர்ந்தவர் திருநெல்வேலிக்காரர். என் வயதுதான், கல்யாணமாகி மூன்றே மாதம். மதியச் சாப்பாடு முடிந்ததும் கூட்டிப்போனேன். தட்டு காலையிலிருந்து வெட்டவெளியில் காய்ந்துகொண்டிருந்தது. குச்சியைப் போட்டேன். 'குப்'பென்று ஒரு தீ டீசல் மேல் ஓடி, அடுத்த நொடியே அணைந்தது.

எனக்கே திக்கென்றது. சிரித்துச் சமாளித்தேன்.

"என்ன அண்ணாச்சி, பத்தாதுன்னியளே?" என்றார் அவர்.

பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்த காண்ட்ராக்ட் அக்கா, "கம்முனு வுட்டுடுப்பா! தட்டு இன்னா சூடு சுடுது, தொட்டுப் பாத்தியா?" என்று கத்தினார்.

விட்டிருக்கலாம். புது ஆள் முன்னால் மானம் போகிறதே! இன்னொரு குச்சியைக் கிழித்து, டீசல் மெல்லிசாக நின்ற ஓரத்தில் போட்டேன். நன்றாகப் பார்க்க அவர் குனிந்தார். இந்தத் தடவை தீ அணையவில்லை. தட்டு முழுக்க எழுந்தது. அக்கா அவர் காலரைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டு, அங்கே கிடந்த தகரத்தைத் தூக்கித் தட்டை மூடினார். நான் மரம் மாதிரி நின்றேன்.

"கண்ணைத் தொறக்க முடியலையே" என்று திருநெல்வேலிக்காரர் முனகினார். முதலுதவி அறைக்குத் தூக்கிப்போய், நர்ஸ் கழுவி, அவர் கண்ணைத் திறக்கும்வரை நான் வேண்டாத தெய்வமில்லை. புருவமும் இமைமுடியும் கருகியிருந்தன. நல்லவேளை, பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை.

தீப்பெட்டியை நானே சேஃப்டி ஆபீசரிடம் கொடுத்தேன். அவர் திட்டவில்லை, விளக்கினார். டீசலும் பற்றும், அதற்கென்று ஒரு சூடு இருக்கிறது. அந்தச் சூட்டில் நெருப்பைக் காட்டினால் ஆவி ஒரு தடவை பளிச்சென்று பற்றி அணையும். இன்னும் கொஞ்சம் சூடு ஏறினால், ஓரத்தில் மெல்லிசாக நின்று அதிகம் காய்ந்திருந்த டீசல் மாதிரி, நின்று எரியும். மார்கழியில் பலித்த வித்தை கத்திரியில் பலிக்குமா என்று நான் யோசித்ததே இல்லை. பதினைந்து நாள் சஸ்பெண்ட் ஆனேன்; நியாயம்தான்.

அவருக்குப் புருவம் முளைத்துவிட்டது, என்னை மன்னித்தும்விட்டார். ஆனால் போதும் நிறுத்து என்று முதல் தீயே தானாக அணைந்து சொன்னபோது, ஒரு மனுஷனின் கண்ணைவிட என் பேச்சு ஜெயிப்பது எனக்குப் பெரிதாக இருந்ததே, அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.