சித்ரா எழுப்பாத தூக்கம்

எங்கள் தெருவில் லாரி ஓட்டுகிறவர் வீடு எது என்று கேட்கவே வேண்டாம். பட்டப்பகலில் கதவு சாத்தி, மிக்சி சத்தம்கூட இல்லாமல் கிடந்தால் அதுதான். நெடுந்தூரம் ஓட்டிவிட்டு வந்தவரை, அவராக எழும்வரை யாரும் எழுப்பக் கூடாது. நாமக்கல் பக்கம் இது எழுதாத சட்டம். இதில் என் எதிர்வீட்டுச் சித்ராவைப் போலக் கறாரானவள் யாரும் இல்லை. கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கப் போகிறவள், புருஷன் காளியப்பன் வந்த அன்று லீவு போட்டுவிட்டு வாசலில் காவல் இருப்பாள். "உங்க வீட்டு ராஜா எந்திரிச்சாச்சுங்களா?" என்று நான் வம்புக்குக் கேட்டால், கையாலேயே என்னைத் துரத்துவாள்.

போன மாசியில் குஜராத் போய்த் திரும்பிய காளியப்பன் காலையில் சாப்பிட்டுப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் ஏதோ குழறினார். அலுப்பில் உளறுகிறார் என்று போர்வையை இழுத்துவிட்டு வந்தாள் சித்ரா. மாலையில் காபியோடு போனபோதுதான் வாய் கோணியிருந்ததைப் பார்த்தாள்.

சேலம் ஆஸ்பத்திரியில் மூளை ரத்தக்குழாயின் அடைப்பை எடுத்தார்கள். ரத்தம் பாய்ந்தது, கண் திறக்கவில்லை. அங்கே ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். புதுமருந்து ஒன்றை ஊசியில் ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தால், ஆக்சிஜன் எந்தத் திசுவை அரிக்கிறதோ அந்த இடம் படத்தில் வெளுத்துத் தெரியுமாம். உயிர் கொடுக்கிற ஆக்சிஜன் எப்படி அரிக்கும் என்று சித்ரா கேட்டாள். வெகுநேரம் ரத்தமில்லாமல் வாடிய இடத்தில் திடீரென்று ரத்தம் பாய்ந்தால், அதே ஆக்சிஜன் முரட்டுத்தனமாக மாறித் துருவைப் போலத் தின்னும் என்றார் டாக்டரம்மா.

காளியப்பனுக்கும் அப்படி எடுத்த படத்தில் மூளையின் இடப்பக்கம் முக்கால்வாசி வெளுத்திருந்தது. நானும் கூட நின்றேன்.

"நான் காலையிலயே எழுப்பியிருந்தா இந்த வெள்ளை வந்திருக்காதுங்களா?" என்றாள் சித்ரா.

எங்கே அரிக்கிறது என்றுதான் படம் காட்டும், எப்போது தொடங்கியது என்று காட்டாது என்றார் டாக்டரம்மா, அவள் முகத்தைப் பார்க்காமல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பொய்யாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அந்த வாரமே காளியப்பன் போய்விட்டார். நடுப்பகலில் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினோம். எழவுக்கு வந்த தெருப்பெண்கள், அந்த வீட்டில் பழகிய பழக்கத்தில், வாசலிலேயே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

"எதுக்குச் சத்தமில்லாம வாரீங்க? சத்தமா அழுவுங்க," என்றாள் சித்ரா. பிறகு அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏனுங்க, எந்திரிங்க. பொழுது போச்சுங்க."

அவரை அவள் எழுப்பி நாங்கள் கேட்டது அன்றைக்குத்தான்.